குழந்தை சின்னதா இருக்குன்னு ஸ்கேனில் சொன்ன பிறகு: கொங்குப் பக்கத்து அனுபவங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம், முதல் பிரசவம்

கட்டுச்சோறு விருந்து முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். 34-ஆவது வாரத்து ஸ்கேனில் குழந்தையின் எடை 1,850 கிராம் என்று வந்தது. ரிப்போர்ட்டின் அடியில், 10-ஆவது பெர்சன்டைலுக்குக் கீழே இருக்கிறது என்று ஒரு வரி. ஸ்கேன் எடுத்தவர் எதையும் விளக்கவில்லை. "உங்க டாக்டர்கிட்டக் காட்டிக்கங்க" என்றார். டாக்டரைப் பார்க்க மறுநாள் சாயங்காலம்தான் முடிந்தது. நடுவில் ஒரு ராத்திரி. போனில் தேடினால் எல்லாமே கெட்டதாகத்தான் வருகிறது. பக்கத்தில் படுத்திருந்த அம்மாவும் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும், ஆனால் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் டாக்டர் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குப் பிடிமானமாக இருந்தது அதுதான்.

ஒரே வாரக்கணக்கில் இருக்கும் நூறு குழந்தைகளை எடை வரிசையில் வைத்தால், கடைசிப் பத்துக்குள் என் குழந்தை வருகிறது. அந்த வரிக்கு அர்த்தம் அவ்வளவுதான். அந்தப் பத்திலும் பல குழந்தைகள் இயல்பாகவே சின்ன உடம்புக்காரர்கள். அம்மா அப்பா வாகு அப்படி. நானும் ஒல்லி, அவரும் ஒல்லி. வேறு சில குழந்தைகளுக்கு நஞ்சுக்கொடி வழியாகப் போக வேண்டிய சத்தும் ஆக்சிஜனும் போதுமான அளவு போவதில்லை. அதனால் வளர வேண்டிய அளவுக்கு வளராமல் நின்றுவிடுகின்றன. ரத்த அழுத்தம், ரத்தசோகை, சில தொற்றுகள் என்று இதற்குக் காரணங்கள் உண்டு. காரணமே தெரியாமலும் வரும். "நீங்க என்கிட்டக் கேக்க வேண்டியது, உங்க குழந்தை இந்த ரெண்டுல எதுன்னுதான்" என்றார் டாக்டர்.

எடையைப் பற்றியும் சொன்னார். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையை யாரும் தராசில் வைப்பதில்லை. தலையின் அளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் எல்லாவற்றையும் சூத்திரத்தில் போட்டு மெஷின் கணக்குச் சொல்கிறது. 10 முதல் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம். எனக்கு வந்த 1,850 உண்மையில் 1,600 ஆகவும் இருக்கலாம், 2,100 ஆகவும் இருக்கலாம். அதனால் ஒரே ஒரு ஸ்கேனை வைத்து முடிவு கட்டுவதில்லை. இரண்டு வாரம் விட்டு இன்னொரு ஸ்கேன் எடுத்து, குழந்தை தன் கோட்டிலேயே ஏறுகிறதா, கோட்டை விட்டு இறங்குகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் எடுத்தால் வளர்ச்சியா, அளவெடுத்ததில் வந்த வித்தியாசமா என்று பிரித்துச் சொல்ல முடியாதாம்.

அப்புறம் டாப்ளர். தொப்புள்கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று அதில் தெரியும். குழந்தையின் இதயம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் இருக்கும்போதும் ரத்தம் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாதபோது அந்த ஓட்டம் குறையும், அப்புறம் நிற்கும், ரொம்ப மோசமானால் பின்னால் திரும்பும். எனக்கு ஓட்டம் நன்றாக இருந்தது, பனிக்குட நீரும் போதுமான அளவு இருந்தது. "இந்த ரெண்டும் நல்லா இருக்கற வரைக்கும் நாம பொறுமையா இருக்கலாம்" என்றார்.

நான் கேட்க வெட்கப்பட்ட கேள்வியை அம்மா கேட்டுவிட்டாள். "நாங்க சோறு சரியாப் போடலைங்களா டாக்டர்?" டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: நன்றாகச் சாப்பிடுவது அவளுக்கு நல்லது, அதை விட வேண்டாம். ஆனால் நஞ்சுக்கொடியில் குறை இருந்தால் சாப்பாட்டை மட்டும் கூட்டிச் சரிசெய்ய முடியாது. அதனால் எடை குறைந்ததற்குச் சோற்றின் மேல் பழி போடாதீர்கள். அம்மா அங்கேயே அழுதுவிட்டாள். பச்சைப்பயிறு கடைசல், நாட்டுக்கோழி முட்டை, ராகிக்களி, கொள்ளுப்பருப்பு என்று காலையிலிருந்து அடுப்படியிலேயே நின்றவள் அவள். அவளுக்குள்ளும் அந்தப் பயம் இருந்திருக்கிறது.

சொந்தக்காரர்கள் விஷயம் தனி. "ஏன் அம்மிணி, எட்டு மாசத்துக்கு வவுறே தெரியலையே?" என்று கேட்காத ஆள் இல்லை. பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் அன்றைய தூக்கம் போய்விடும். கடைசியில் அப்பா ஒரு வேலை செய்தார். வருகிறவர்களைத் திண்ணையிலேயே உட்கார வைத்து, "டாக்டர் பாத்துக்கறாங்க, எல்லாம் சரியா இருக்குது, நீங்க காப்பி குடிங்க" என்று பேச்சை அங்கேயே முடித்துவிடுவார். ஸ்கேன் விவரம் எங்கள் நால்வரைத் தவிர யாருக்கும் போகவில்லை. இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். வாசலில் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அது கர்ப்பிணியாக இருக்கக் கூடாது.

ராத்திரியில் வரும் பயத்துக்கு ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். எது மனதில் வந்தாலும் கேள்வியாக மாற்றி எழுதிவிடுவேன். 'ஏதாவது ஆகிவிடுமோ' என்று எழுதினால் அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. 'அடுத்த ஸ்கேனில் எதைப் பார்த்தால் நீங்கள் கவலைப்படுவீர்கள்?', 'எந்த வாரத்தில் பிரசவம் பார்ப்பீர்கள்?', 'பிறந்ததும் குழந்தையை என்னிடம் தருவீர்களா?' என்று எழுதினால் டாக்டரிடம் நேரில் கேட்கலாம். எழுதிய பிறகு எப்போதும் தூக்கம் வந்துவிடாது. ஆனாலும் போனைக் கையில் எடுக்காமல் இருக்க முடிந்தது.

சாப்பிட்ட பிறகு பக்கவாட்டில் படுத்து அசைவை எண்ணச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு. என் மகள் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நன்றாக உதைப்பாள், அதனால் அந்த நேரத்தையே வைத்துக்கொண்டேன். நாளெல்லாம் பயந்துகொண்டிருப்பதற்குப் பதிலாக, குழந்தையிடமே விசாரிக்க ஒரு நேரம் கிடைத்த மாதிரி இருந்தது.

36-ஆவது வாரத்தில் 2,200 கிராம். இன்னும் கடைசிப் பத்தில்தான், ஆனால் தன் கோட்டிலேயே ஏறியிருந்தாள். 38-ஆவது வாரத்தில் வலி வரவைத்துப் பிரசவம் பார்த்தார்கள், 2,450 கிராம். பிறந்ததும் சர்க்கரை அளவைப் பார்த்தார்கள், ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாள். சேனை வைக்க, அதாவது பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைக்க, கருப்பட்டித் தண்ணீரோடு வந்த பெரியம்மாவை நர்ஸ் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். ஒரு சொட்டுக்கூட வேண்டாம், தாய்ப்பால் மட்டும் போதும் என்று சொன்னதைப் பெரியம்மாவும் கேட்டுக்கொண்டார்.

பல்லடம், இரண்டாவது பிரசவம்

எங்கள் வீட்டில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் குழந்தையின் அசைவு மனதில் பதியாது. மேலே கோபி அக்கா சொன்ன மாதிரி நானும் ஒரு நேரம் ஒதுக்கித்தான் எண்ணினேன், மாமியார் வீட்டுப் பின்கட்டில் போய்ப் படுத்துக்கொண்டு.

35-ஆவது வாரத்தில் ஒருநாள் அசைவு குறைந்த மாதிரி இருந்தது. "கடைசி மாசத்துல எடம் பத்தாது கண்ணு, கொழந்த அப்படித்தான் அடங்கிக் கெடக்கும்" என்றார் அத்தை. அவர் பெற்ற நாலு பிள்ளைகளின் அனுபவத்தில் சொன்னார். ஆனால் என் நங்கை, அதாவது அண்ணி, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர். போனில் கேட்டதுமே, "அசைவோட விதம் மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. விடியற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்காதே, இப்பவே கெளம்பு" என்றார். ராத்திரியிலேயே போனோம். வயிற்றில் பெல்ட் கட்டிக் குழந்தையின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீண் அலைச்சல் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. டூட்டி டாக்டர், "நாளைக்கே மறுபடி அப்படி இருந்தாலும் வாங்க" என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்குப் பயம் பாதியாகிவிட்டது.

சின்னக் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் எல்லோருக்கும் என் வேண்டுகோள் இது. மற்ற எந்தக் கவலையையும் காலை வரை தள்ளிப்போடலாம். அசைவு குறைவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

உடுமலைப்பேட்டை, ஒரு அப்பா

மேலே இரண்டு பேருக்கும் நல்லபடியாக முடிந்தது, சந்தோஷம். எங்களுக்கு வேறு மாதிரிப் போனது. அந்த நிலையில் இருக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் மனைவிக்கு ரத்த அழுத்தம் ஏறியது. டாப்ளரில் ஓட்டம் நின்று நின்று வருகிறது என்றார்கள். கோயமுத்தூரில் சேர்த்தோம். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். 34 வாரத்துக்குள் பிறக்கப்போகிற குழந்தைகளுக்கு அது பெரிய துணை என்று விளக்கினார்கள். 31-ஆவது வாரத்தில் ஆபரேஷன், மகன் 1,200 கிராம்.

வயிற்றுக்குள்ளேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்று நான் கெஞ்சியிருக்கிறேன். இந்தக் குழந்தைக்கு இனி உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதுதான் பாதுகாப்பு, அந்த நாளைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை ஸ்கேன் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. "ஏழு மாசக் கொழந்த பொழச்சுக்கும், எட்டு மாசந்தான் ஆகாது" என்று அமுச்சி (பாட்டி) ஆறுதல் சொன்னார். அவர் மனதுக்கு அது தெம்பு. ஆனால் எட்டு மாதத்தில் இருக்கும் யாரும் அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். அது உண்மை இல்லை. ஒவ்வொரு வாரம் கூடும்போதும் குழந்தைக்குப் பலம் கூடத்தான் செய்கிறது.

அப்பாக்களுக்கு ஒன்று. பச்சிளங்குழந்தை வார்டில் கங்காரு முறை என்று குழந்தையை வெறும் மார்பில் சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். 1970களின் இறுதியில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில் தொடங்கியது. அங்கே இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய முறையை இன்று உலக சுகாதார நிறுவனமே எடை குறைந்த குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அம்மாதான் செய்ய வேண்டும் என்பதில்லை. ஆபரேஷன் ஆகி அவள் எழுந்திருக்க முடியாமல் இருந்த நாட்களில் நான் உட்கார்ந்தேன். அதுவரை கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துப் பயந்த எனக்கு, அவன் மூச்சு என் நெஞ்சில் பட்ட பிறகுதான் இவன் பிழைத்துக்கொள்வான் என்ற நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது கண் பரிசோதனைக்குத் தேதி கொடுத்தால் தவறவிடாதீர்கள். இரண்டு கிலோவுக்குக் குறைந்தோ 34 வாரத்துக்கு முன்னாலோ பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்க்க வேண்டும். அழுகிற குழந்தையை எதற்குத் தொந்தரவு செய்வது என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வந்தது. பார்வை சம்பந்தப்பட்டது, கட்டாயம் போங்கள்.

பொள்ளாச்சி பக்கம், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்

எல்லாக் கண்ணுகளுக்கும் வணக்கம். ரொம்ப வருஷம் டேப்பும் கையுமாக ஊர் ஊராகப் போனவள் நான். 24-ஆவது வாரத்துக்குப் பிறகு வயிற்றின் உயரம் சென்டிமீட்டரில் ஏறக்குறைய வாரக்கணக்குக்குச் சமமாக இருக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்தால் ஸ்கேனுக்கு அனுப்புவோம். அப்படி அனுப்பும்போது அந்தப் பிள்ளைகளின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தை திரும்பியிருக்கும் விதத்தாலும், கடைசியில் தலை கீழே இறங்குவதாலும்கூட அளவு குறையும். அனுப்புவது பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. குழந்தை சின்னதாக இருந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று ஒன்பதாம் மாதத்தில் சோற்றைக் குறைக்கச் சொல்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை பெருத்துவிடும் என்று அதைக் கூரையில் சொருகி வைத்ததையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ரத்தம் குறைந்தால் அம்மாவுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வரும் 18,000 ரூபாயில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்திதான். அதில் இருக்கும் பேரீச்சம்பழமும் நெய்யும் வீட்டு விருந்தாளிகளுக்கு இல்லை, உங்களுக்கு.

எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் 108. பிரசவம் முடிந்து அரசு ஆஸ்பத்திரியிலிருந்து தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்து விட 102. சந்தேகம் கேட்க 104. பயம் ஓயாமல், சாப்பாடு இறங்காமல், தூக்கமே இல்லாமல் நாட்கள் போனால் 14416-க்குப் பேசுங்கள், அது மனநல ஆலோசனைக்கான இலவச எண், தமிழிலேயே பேசலாம். கர்ப்பகாலத்தில் வரும் மனப்பதற்றமும் வைத்தியம் பார்க்க வேண்டியதுதான். அதைச் செக்கப்பில் சொன்னால் எந்த நல்ல டாக்டரும் குறைவாக நினைக்க மாட்டார்.

கோபிப் பிள்ளைக்கு ஒன்று. அடுத்த குழந்தை தரிக்கும்போது, முதல் குழந்தை எடை குறைவு என்பதை முதல் செக்கப்பிலேயே சொல்லிவிடு சாமி. சிலருக்கு 16-ஆவது வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள். உனக்கு அது வேண்டுமா என்று டாக்டர்தான் முடிவு செய்வார். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையெல்லாம் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வை, அவர் கேட்பார்.