ஏற்காடு ஏற மாத இலக்கு எப்படி வைப்பது? மீட்டர் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை

அஸ்தம்பட்டி இருசக்கரம்:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் சேலம், வயது 47. நான்கு வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். பந்தயத்துக்குப் போனதில்லை, போகும் எண்ணமும் இல்லை. ஞாயிறு விடிகாலை வீட்டை விட்டுக் கிளம்பி, கோரிமேடு தாண்டி அடிவாரம், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு ஏரி. ஒரு டீ குடித்துவிட்டு இறங்கிவிடுவேன். ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். வாரத்தில் எனக்கென்று இருக்கிற நேரம் அது ஒன்றுதான். அதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஜனவரியில் முதல்முறையாக மாத இலக்கு வைத்தேன். அடிவாரத்திலிருந்து ஏரிக்கு, சைக்கிளில் மாட்டியிருக்கிற என் கருவியில் ஆயிரம் மீட்டரை ஒட்டி ஏற்றம் காட்டும். மாதம் மூன்று தடவை, ஆக 3000 மீட்டர். ஜனவரி நன்றாகவே போனது. பிப்ரவரியில் இரண்டு ஞாயிறு மச்சினன் வீட்டுக் கல்யாணத்தில் போய்விட்டது, ஒரு ஞாயிறு அலுவலக வேலை. 26ஆம் தேதி பார்த்தால் கணக்கில் ஒரே ஒரு ஏற்றம்தான். நான் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். ஒரு எண்ணை எழுதி வைத்துவிட்டால் அதை நேர்செய்யாமல் தூக்கம் வராது. 27, 28 இரண்டு நாளும் விடுப்பு போட்டு ஏறினேன். இரண்டாம் நாள் 14ஆவது வளைவில் வலது முட்டியில், சில்லுக்குக் கீழே, சுருக்கென்று ஒரு வலி. இறங்காமல் ஏரி வரை போய்விட்டேன்.

3000 வந்தது. மார்ச் முழுக்க சைக்கிளைத் தொடவில்லை. வீட்டு மாடிப்படி இறங்குவதற்கே கைப்பிடி தேவைப்பட்டது. இப்போது வலி இல்லை. ஏப்ரலில் மறுபடி தொடங்க வேண்டும்.

நீங்கள் எல்லாம் மாத இலக்கை எப்படி வைக்கிறீர்கள்? மீட்டரிலா, தடவையிலா, நேரத்திலா? மே மாதம் கோடை விழாக் கூட்டம், ஐப்பசி கார்த்திகையில் மழை, மூடுபனி. வருடம் முழுக்க ஒரே எண் சரிவருமா?

சைக்கிள் விவரம்: முன்னால் மிதியோடு இருக்கிற இரண்டு பற்சக்கரங்களில் 50, 34 பற்கள். பின் சக்கரத்துப் பற்சக்கரங்களில் 11 முதல் 28. என் எடை 78 கிலோ, சைக்கிள் 11 கிலோ. ஏரி வரை சாதாரணமாக இரண்டு மணி நேரம் ஆகும்.


கல்லாறு காற்று:

தம்பி, எனக்கு 61. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோட்டில் ஏறுகிறவன். குன்னூர் ரோட்டில் பஸ், லாரி அதிகம் என்பதால் அந்தப் பக்கம் குறைத்துக்கொண்டேன்.

இலக்கு பிறகு. முதலில் பின் சக்கரத்தைப் பார். முன்னால் 34, பின்னால் 28 பல் போட்டு ஏறுகிறாய். ஒரு மிதிக்கு வண்டி சுமார் இரண்டரை மீட்டர் நகரும். செங்குத்தான இடத்தில் உன் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டராக விழுந்தால், நிமிடத்துக்கு 50 மிதிதான் வரும். அந்த ஐம்பதில் ஒவ்வொன்றும் முட்டியை அமுக்கி எடுக்கிற மிதி. அதே வேகத்தில் பின்னால் 34 பல் இருந்தால் 61 மிதி. செலவாகிற சக்தி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு மிதியிலும் முட்டிக்குப் போகிற பாரம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஆயிரக்கணக்கான மிதி என்று கணக்குப் போட்டுப் பார், நீ கணக்குக்காரன்தானே. வலி திரும்பி வந்தால் மட்டும் இங்கே கேட்டுக்கொண்டிருக்காதே, எலும்பு மருத்துவரிடம் போ.

இனி இலக்கு. நானும் ஆரம்பத்தில் மீட்டர்தான் எழுதினேன். எழுதுவதில் தப்பில்லை. விட்டுப்போன மீட்டரை அடுத்த வாரத்துத் தலையில் ஏற்றுவதுதான் தப்பு. நிலுவை தூக்கக் கூடாது தம்பி. கடை பாக்கியை மொத்தமாகக் கட்டலாம், கால் பாக்கியை அப்படிக் கட்ட முடியாது. போன வாரம் ஏறாத ஏற்றம் போனதுதான். இந்த வாரம் இந்த வாரத்தின் ஏற்றம் மட்டும்.

என் வழக்கம் இது. மாதத்தில் ஒரு முழு ஏற்றம், கோத்தகிரி வரை, 33 கிலோமீட்டர். இரண்டு அரை ஏற்றம், குஞ்சப்பனை வரை போய்த் திரும்பிவிடுவேன். மீதி ஒரு வாரம் சமதளத்தில், அல்லது வீட்டில். நோட்டில் மீட்டர் எழுதுவதில்லை. எங்கே கால் ஊன்றினேன், மூச்சு எப்படி இருந்தது, மறுநாள் காலை படி இறங்கும்போது முட்டி என்ன சொன்னது, இந்த மூன்றுதான். மூன்றாவதுதான் முக்கியம். அது சரியில்லை என்றால் அடுத்த ஏற்றம் அரை ஏற்றம்.

ஒரே எண் வருடம் முழுக்க வேண்டாம். எங்கள் பக்கம் பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை ஓரம் யானை நிற்கும். அந்த மாதங்களில் நன்றாக வெளுத்த பிறகுதான் கிளம்புவேன், வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும், ஆகவே முழு ஏற்றமே கிடையாது. அதற்காக இலக்கு தவறியது என்று எழுதுவதில்லை. அந்த மாதத்து இலக்கே அவ்வளவுதான்.


பரங்கிமலை பத்து:

அஸ்தம்பட்டி அண்ணனுக்கு, சென்னையிலிருந்து. வீட்டு வாசலில் மலை இருக்கிற உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான்.

எங்களுக்குக் கிடைத்தது பரங்கிமலை. உச்சியே கடல் மட்டத்திலிருந்து 300 அடிதான். ஒரு தடவை ஏறினால் என் கருவியில் 60 சொச்சம் மீட்டர். பத்துத் தடவை ஏறி இறங்கினால் உங்கள் பாதி ஏற்காடு வந்துவிடும். என் மாத இலக்கு அப்படி ஒரு "பத்து" இரண்டு தடவை. மற்ற நாட்களில் ஈசிஆரில் காற்றை எதிர்த்து ஓட்டுவது. மலை இல்லாத ஊரில் எதிர்காற்றுதான் எங்களுக்கு மலை.

மீட்டர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே நாள், ஒரே பரங்கிமலை, தோழியின் போனில் 840, என் கருவியில் 620. என்னுடையது காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணக்கிடுவது. போன் செயற்கைக்கோளை வைத்துக் கணக்கிட்டால் உயரம் மேலும் கீழும் தாவும், ஒவ்வொரு தாவலும் ஏற்றத்தில் சேரும். காற்றழுத்தக் கருவியும் மழை நாளில் தடுமாறும். கருவிக்குக் கருவி மாறுகிற எண்ணுக்காக முட்டியைக் கொடுக்காதீர்கள் அண்ணா.

அதனால் ஏலகிரி போகும்போது மீட்டரை மறைத்துவிடுவேன். திரையில் நேரம் மட்டும். அங்கே 14 வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரோ கடையெழு வள்ளல்கள் பெயரோ வைத்திருக்கிறார்கள். முதல் தடவை போனபோது கபிலர் பலகைக்குப் பக்கத்தில் கால் ஊன்றினேன். அடுத்த தடவைக்கு இலக்கு, கபிலரை நிற்காமல் தாண்டுவது. தாண்டினேன், பாரியிடம் நின்றேன். வீட்டுக்கு வந்து மகளிடம் "இன்று பாரி வரை" என்றால் அவளுக்கே புரிந்துவிடும். 412 மீட்டர் என்று சொன்னால் அவளுக்கு என்ன தெரியும்? உங்களுக்கு 20 பலகை இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைப் படிக்கிற பெண்களுக்கு. மாதத்தில் நான்கு வாரம் என்று எழுதி ஏமாறாதீர்கள். எனக்கு ஒரு வாரம் உடம்பு ஏற்றத்துக்கு ஒத்துழைக்காது. அந்த வாரத்தைக் கழித்து மூன்று வாரத்துக்குத்தான் இலக்கு எழுதுகிறேன். அப்படி எழுதத் தொடங்கிய பிறகுதான் மாதா மாதம் இலக்கை எட்டுகிறேன்.


செயின் எண்ணெய்:

அண்ணா, நானும் சேலம்தான். சைக்கிள் மெக்கானிக். கல்லாறு ஐயா சொன்ன 34 பல் விஷயம் சரி. ஆனால் கேசட்டை, அதாவது பின் பற்சக்கர அடுக்கை, மட்டும் வாங்கி மாட்டிவிடாதீர்கள். இப்போது இருக்கிற பின் டீரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற கை) குட்டையாக இருந்தால் 34ஐத் தாங்காது, நீளமானது மாற்ற வேண்டியிருக்கும். செயினும் புதிதாக, சில கண்ணிகள் நீளமாகப் போட வேண்டும். பழைய செயினைப் புதுக் கேசட்டில் போட்டால் பல் தாவும், அதுவும் எழுந்து நின்று மிதிக்கும்போது தாவும்.

ஏறுவதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இறங்குவதும் மாதக் கணக்கில்தான் சேரும். ரிம் பிரேக் (சக்கர விளிம்பை ரப்பர் பிடிப்பது) என்றால் மாதம் ஒருமுறை ரப்பரைக் கழற்றி, அதில் குத்தியிருக்கிற அலுமினியத் துகளை ஊசியால் எடுங்கள். அது ரிம்மையே அரித்துவிடும். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வரக் கூடாது. ரிம் சூடேறி டியூப் வெடித்த வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ஏறி வருகிற பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுக்கும், அதற்கு இடம் விட்டு நில்லுங்கள்.


அஸ்தம்பட்டி இருசக்கரம்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கல்லாறு ஐயா எழுதிய "நிலுவை தூக்கக் கூடாது" என்ற வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். இருபது வருடமாக முன்பாக்கியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகிற வேலை பார்க்கிறவனுக்கு அது கையோடு ஒட்டிய பழக்கம். மலையிலும் அதையேதான் செய்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஏப்ரலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: ஒரு முழு ஏற்றம், இரண்டு தடவை பத்தாவது வளைவு வரை மட்டும். ஒரு ஞாயிறு வெறுமனே. கேசட், டீரெய்லர், செயின் மூன்றும் மாற்றிவிட்டேன். தம்பி சொன்னபடி என்னுடைய பழைய டீரெய்லர் 34ஐத் தாங்காதுதான்.

நேற்று முதல் அரை ஏற்றம். அறுபது அடிப் பாலம் தாண்டியதும் வழக்கமாக உடம்பு முன்னால் சாய்ந்து, ஹேண்டிலைப் பிடித்து இழுப்பேன். நேற்று கை தளர்வாகவே இருந்தது. மிதி வேகமாக, லேசாக ஓடியது. முதல் சில நிமிடம் கால் காற்றில் சுற்றுகிறாற்போல இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. பத்தாவது வளைவை எட்டியபோது இன்னும் நன்றாகவே ஏற முடியும் என்று தெரிந்தது. நிறுத்தினேன். சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கடலை உருண்டை இரண்டு சாப்பிட்டேன். குரங்கு ஒன்று பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே சேலத்தின் மேல் புகைபோல ஒரு படலம், அதற்குள் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. நான்கு வருடத்தில் அந்த இடத்தில் நான் நின்றதே இல்லை.

இன்று காலை மாடிப்படி இறங்கிப் பார்த்தேன். முட்டி சும்மா இருந்தது. நோட்டில் எழுதிவிட்டேன்.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மே மாதம் கோடை விழா நாட்களில் பிரதான ரோட்டில் கார் வரிசையாக நிற்கும். ஏற்காட்டுக்கு இன்னொரு வழியான குப்பனூர் ரோட்டில் சைக்கிளில் ஏறியவர்கள் யாராவது இருந்தால், 34 பல்லோடு அதை ஒரு அரை ஏற்றமாக வைக்கலாமா, எந்த இடத்தில் திரும்புவது நல்லது என்று சொல்லுங்கள்.