பெற்றோர் நேர்ந்துகொண்டால் அது பிள்ளைக்கு இறையழைத்தல் ஆகுமா?

கேள்வி:
ஆண் பிள்ளை பிறந்தால் சாமியாராக்குகிறேன் (கத்தோலிக்கக் குருவாக்குகிறேன்) என்று வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையனுக்குக் குருமடம் (குருவாகப் பயிலும் இடம்) போக மனமில்லை என்றால் அந்த நேர்ச்சை என்ன ஆகும்? குருவாகும்படி கடவுள் கூப்பிடும் அழைத்தல் அவனுக்கு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 1:
நேர்ச்சை, செய்தவரை மட்டுமே கட்டும் (கத்தோலிக்கத் திரு அவையின் சட்டத்தொகுப்பான திருச்சட்டம், எண் 1193). பையன் மேல் பாவம் இல்லை. தாய்க்கு மனம் உறுத்தினால் பங்குத்தந்தையிடம் போகட்டும். தகுந்த காரணம் இருந்தால் அவரே விடுவிக்கலாம் (1196). குருவாக்கும் சடங்கான திருப்பட்டத்துக்கு முன், "என் சொந்த விருப்பத்தோடு ஏற்கிறேன்" என்று கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும் (1036). அம்மாவுக்காகப் போனவன் அங்கே பொய்யல்லவா எழுத வேண்டிவரும்?

தாய் அன்னாவின் நேர்ச்சைப்படி கோவிலில் விடப்பட்ட விவிலிய இறைவாக்கினர் சாமுவேலைக் காட்டி வாதிடுவார்கள். அன்னா நேர்ந்துகொண்டது சாமுவேல் முதல் நூலின் முதல் அதிகாரத்தில். ஆண்டவர் சாமுவேலையே பெயர் சொல்லிக் கூப்பிட்டது மூன்றாம் அதிகாரத்தில். மூன்று தடவை குரு ஏலிதான் கூப்பிட்டார் என்று அவரிடம் ஓடிவிட்டு, நான்காம் தடவைதான் அவன் பதில் சொன்னான்.

பதில் 2:
தேர்ந்து தெளிதலுக்கு (எது கடவுளின் விருப்பம் என்று ஆராய்ந்து முடிவெடுப்பதற்கு), இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் காட்டும் வழி: ஆன்ம குருவின் துணையோடு நான்கு பத்தி எழுதுங்கள். குருவானால் வரும் நன்மை, தீமை. ஆகாவிட்டால் வரும் நன்மை, தீமை. எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், எந்தக் காரணத்துக்கு எடை அதிகம் என்று பாருங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது நேரத்தில்தான். தியானத்தின் கடைசி நாள் உருக்கத்தில் அவசரமாக வாக்குக் கொடுக்கக்கூடாது; மனம் வறண்ட நாளில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றவும் கூடாது.

உள்ளே போனாலும் உடனே முடிவாகிவிடாது. மெய்யியலும் இறையியலும் சேர்ந்து முழுதாக 6 ஆண்டுகள். குருப்பட்டத்துக்கு 25 வயது நிரம்ப வேண்டும். துறவற சபை என்றால் நவதுறவகம் (தொடக்கப் பயிற்சி) குறைந்தது 12 மாதம், தற்காலிக வார்த்தைப்பாடு (குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தரும் துறவற வாக்கு) குறைந்தது 3 ஆண்டு. இவ்வளவு காலமும் சோதித்துப் பார்க்கத்தான். "பாதியில் திரும்பி வந்தவன்" என்ற ஊர்ப்பேச்சுக்குப் பயந்தே சிலர் உள்ளே தங்கிவிடுவது கொடுமை.

பதில் 3:
லுத்தரன் (மார்ட்டின் லுத்தர் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபை) பக்கத்திலிருந்து ஒன்று. செருப்புத் தைப்பவரின் வேலையும் அழைப்பே என்று லுத்தர் போதித்தார்; தொழிலுக்கு ஜெர்மனில் வழங்கும் 'பெரூஃப்' என்ற சொல்லில் அழைப்பு என்ற பொருளும் இருக்கிறது. கத்தோலிக்கத் திரு அவையும் 1964இல், ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திரு அவை பற்றிய ஏட்டில், தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்றது. பையன் எலக்ட்ரீஷியன் ஆனாலும் அழைத்தல் இல்லாதவன் ஆகிவிட மாட்டான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அந்தத் தாய் நேர்ச்சையை வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாமா?

பதில் 1:
தாராளமாக. அதற்குச் சமமான அல்லது அதைவிட மேலான நற்செயலாகத் தாமே மாற்றலாம் (1197). குறைவானதாக மாற்றுவதென்றால் பங்குத்தந்தையைக் கேட்க வேண்டும். குருமடத்தில் விருப்பத்தோடு படிக்கும் ஓர் ஏழைப் பையனின் படிப்புச் செலவை ஏற்பது பற்றி அவரிடமே பேசிப் பார்க்கட்டும்.