ஆடு அடித்த சிறுத்தையைச் சுட அனுமதி கிடைக்குமா?

கேள்வி (அடிவாரத்துக்காரன்):
ஏற்காட்டு அடிவாரத்தில் எங்கள் பட்டிக்குள் புகுந்த சிறுத்தை இரண்டு வெள்ளாடுகளை அடித்துவிட்டது. ஊரில் பலர் அதைச் சுட வேண்டும் என்கிறார்கள். சேலத்திலிருந்து வந்த உறவினர்களோ, காடு அதனுடையதுதானே என்கிறார்கள். ஊரே ஒருமித்து மனுக் கொடுத்தால் அனுமதி கிடைக்குமா?

பதில் 1 (காப்பித் தோட்டம்):
கிடைக்காது, ஐயா. சிறுத்தை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. அது மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது, அல்லது மீளமுடியாத அளவுக்கு ஊனமோ நோயோ உற்றிருக்கிறது என்று தலைமை வன உயிரினக் காப்பாளர் கருதினால்தான் 11-ஆம் பிரிவின்படி வேட்டைக்கு எழுத்து மூலம் ஆணையிட முடியும். அப்போதும் பிடிப்பதோ, மயக்க ஊசி செலுத்துவதோ, வேறிடத்துக்கு மாற்றுவதோ இயலாது என்று அவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆடு அடித்தது அந்தக் காரணங்களில் சேராது.

பதில் 2 (அஸ்தம்பட்டி வாசகர்):
மக்களிடமே கேட்ட நாடுகளும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஓநாய்களை மீண்டும் கொண்டுவரும் முன்மொழிவு 2020-இல் மயிரிழையில் வென்றது. ஆதரித்தவர்கள் பெரும்பாலும் நகரத்தார், ஓநாய்கள் வந்திறங்கியதோ எதிர்த்து வாக்களித்த மேற்குப் பகுதியில். உங்கள் உறவினர்கள் நினைவுக்கு வருகிறார்கள் (நானும் நகரத்தான்தான்). அதே ஆண்டில் சுவிட்சர்லாந்து மக்கள், ஓநாய் வேட்டையை எளிதாக்கும் சட்டத்தை நிராகரித்தார்கள்.

அடிவாரத்துக்காரன்:
நன்றி. இழப்பீட்டுக்கு வனத்துறையிடம் மனுக் கொடுத்திருக்கிறேன். பட்டிக்கு மேலேயும் கம்பிவலை போடச் சொல்லியிருக்கிறேன். சுவர் மட்டும் உயரமாக இருந்து என்ன பயன், அது மரமேறும் விலங்காயிற்றே.