குவில்ட்டில் மெஷின் எம்பிராய்டரி: போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மந்தைவெளி:
அம்மாவின் பழைய காட்டன் புடவைகளைச் சதுரமாக வெட்டிச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்த போர்வையான குவில்ட் தைக்கத் தொடங்கியிருக்கிறேன். சில கட்டங்களில் பூ வேலை வேண்டும் என்று ஆசை. கையால் போடப் பொறுமை இல்லை. வீட்டில் எம்பிராய்டரி மெஷின் இருக்கிறது, ஆனால் துணியை இழுத்து மாட்டும் சட்டமான ஹூப் 4 அங்குலம்தான். கேள்வி இதுதான்: கட்டங்களில் முதலில் எம்பிராய்டரி போட்டுவிட்டு அப்புறம் ஒன்றாகச் சேர்ப்பதா, இல்லை மேல்துணி, நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கான பேட்டிங், அடித்துணி மூன்றையும் அடுக்கிய பிறகு போடுவதா? யூடியூபில் இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். எல்லாம் வெளிநாட்டுக் குளிருக்குத் தைக்கும் தடிமன் குவில்ட். நம் ஊர் ஏசி ரூமுக்குத் தைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அடையாறு:
முதலில் எம்பிராய்டரி, அப்புறம் சேர்ப்பு. என் ஓட்டு அதற்குத்தான். புடவைத் துணி மெல்லிசு, துவைத்துத் துவைத்து நைந்தும் இருக்கும். அதை அப்படியே ஹூப்பில் இழுத்து மாட்டினால் இழை விலகிவிடும். பின்பக்கம் மெல்லிய ஃப்யூசிங்கை (சூட்டில் ஒட்டும் உள்துணி) அயர்ன் பண்ணி ஒட்டி, அதற்கும் கீழே தையலைத் தாங்க, பிறகு கிழித்தெடுக்கும் பேக்கிங் பேப்பர் ஒன்று வைத்துப் போடுங்கள். ஊசி மெல்லிய 75/11 நம்பர் போதும்.

இன்னொன்று, கட்டத்தைக் கணக்கான அளவுக்கு வெட்டிவிட்டு அதில் எம்பிராய்டரி போடாதீர்கள். தையல் துணியை உள்ளே இழுக்கும். என் தங்கை மகள் எல்லாவற்றையும் 6½ அங்குலத்துக்கு அழகாக வெட்டி அடுக்கிவிட்டுப் பூப் போட்டாள். பூப் போட்ட கட்டங்கள் மட்டும் சுருங்கி, பக்கத்துக் கட்டத்தோடு மூலை சேரவே மாட்டேன் என்றது. நான் 9 அங்குலத் துண்டாக எடுத்து, நடுவில் சாக்கால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, எம்பிராய்டரி முடிந்து அயர்ன் பண்ணிய பிறகுதான் 6½க்கு வெட்டுவேன். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போய் 6 அங்குலக் கட்டம் நிற்கும். பூவின் நுனி அந்தக் கால் அங்குலத்துக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு கட்டத்தைச் சேர்க்கும்போது அந்த இடத்தில் ஊசி உடையும்.

துணி வீணாகிறதே என்று மனசு கேட்காது, அம்மா புடவை வேறு. முந்தானையைத் தொடாமல் உடல் பகுதியிலிருந்து எடுங்கள். அங்கேதான் துணி நிறையக் கிடைக்கும்.

பெரம்பூர் ஜாப் ஒர்க்:
நான் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை வைத்திருக்கிறேன். முக்கால்வாசி பிளவுஸ், மீதி ஸ்கூல் பேட்ஜ். குவில்ட்டுக்கு என்று வருகிறவர்கள் குறைவு. ஒரு அம்மா நெட்டில் வாங்கிய ரோஜா டிசைனைக் கொண்டுவந்தார். 4 அங்குலத்துக்குள் 18,000 தையல். பிளவுஸ் முதுகுக்கு அது சரி. உள்ளே லைனிங் இருக்கும், அதை மடித்து யாரும் படுக்கப்போவதில்லை. குவில்ட்டில் போட்டால் அந்த இடம் மட்டும் அட்டை மாதிரி நிற்கும். "பேரன் கன்னம் வைத்துப் படுக்கிற இடம் மேடம்" என்று சொல்லி, சாஃப்ட்வேரில் நிரப்புத் தையலை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் கோட்டு டிசைனாக மாற்றிக் கொடுத்தேன். 3,000க்குள் முடிந்தது. எங்களுக்கு ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி, அதனால் அன்றைக்கு எனக்கு நஷ்டம். ஆனால் அப்புறம் அவர் சொல்லி ஆட்கள் வந்தார்கள்.

நிரப்பித்தான் ஆகவேண்டும் என்றால் இழைக்கு இழை இடைவெளியை அதிகப்படுத்தச் சொல்லுங்கள். பொதுவாக 0.4 மில்லிமீட்டரில் வைத்திருப்பார்கள். அதை 0.6, 0.7 ஆக்கினாலே துணி நன்றாக வளையும். இல்லாவிட்டால் பூவையே துண்டுத் துணியாக அப்ளிக் பண்ணிவிடுங்கள். மெஷின் முதலில் துணி வைக்கும் இடத்தைக் கோடாகக் காட்டும், அடுத்து துணியைப் பிடித்துத் தைக்கும், பிசிறை வெட்டிய பிறகு ஓரத்தை நெருக்கமான சாட்டின் தையலால் மூடும். நிறத்துக்கு நிறம், தையலும் மிச்சம்.

கடையில் கொடுக்கிறவர்கள் கவனிக்க: கடை மெஷின்கள் பெரும்பாலும் டிஎஸ்டி என்ற வகை டிசைன் ஃபைல்தான் கேட்கும். அதில் நிறம் மாறும் இடம் இருக்கும், எந்த நிறம் என்பது இருக்காது. வீட்டு மெஷினின் பிஇஎஸ், ஜெஇஎஃப் ஃபைலை மாற்றிக் கொண்டுவந்தால் கூடவே ஒரு கலர் பிரிண்ட்டும் எடுத்து வாருங்கள். இலை ஊதாவாக வந்த பிறகு ஆபரேட்டரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

அண்ணாநகர்:
அடையாறு அக்கா சொல்வதில் பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோட்டு டிசைன் என்றால் மூன்று அடுக்கையும் சேர்த்த பிறகு போடுவதுதான் அழகு. அந்தத் தையலே குவில்ட்டிங்காகவும் ஆகிவிடும், தனியாக உட்கார்ந்து தைக்க வேண்டாம். 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்ததே, அதற்குப் பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. அதிலிருந்து எந்தக் குவில்ட்டைப் பார்த்தாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன்.

மூன்று அடுக்கை ஹூப்பில் திணிக்க வேண்டாம். ஸ்க்ரூவை எவ்வளவு தளர்த்தினாலும் பேட்டிங் துள்ளிக்கொண்டு நழுவும், ஹூப் தடமும் பதியும். பேக்கிங்கை மட்டும் ஹூப்பில் மாட்டி, அதன்மேல் குவில்ட்டைப் பரப்பி, சுற்றிலும் பெரிய தையலாக ஒரு பெட்டி ஓட்டி இருத்திவிடுங்கள். டிசைன் முடிந்ததும் பெட்டியைப் பிரித்துவிடலாம். பேக்கிங் அடித்துணியில் ஒட்டிக்கொண்டு இருக்குமே என்றால், தண்ணீரில் கரையும் ரகம் வாங்குங்கள். ஊசி தடித்த 90/14. கீழ்நூல் சுற்றும் பாபினில் வழக்கமான வெள்ளை நூல் போட்டால் பின்பக்கம் பல் இளிக்கும், அடித்துணி நிறத்திலேயே சுற்றிக்கொள்ளுங்கள். முழுக் குவில்ட்டின் எடையும் மேஜையிலிருந்து தொங்கினால் ஹூப்பை இழுத்து டிசைன் கோணலாகும். பக்கத்தில் அயர்ன் டேபிளைப் போட்டு அதன்மேல் மீதியைத் தாங்கவிடுங்கள்.

நடுவில் கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி சில மெஷின்களில்தான் உண்டு. மற்றதில் எத்தனையாவது தையல் என்று அவ்வப்போது பார்த்து வைத்துக்கொண்டால் அதுவரை நகர்த்திக்கொண்டு போகலாம். ஹூப்பிலிருந்து மட்டும் துணியைக் கழற்றாதீர்கள்.

அடையாறு:
கோட்டு டிசைனுக்குச் சரிம்மா, ஒத்துக்கொள்கிறேன். தடித்த பூவுக்கு அது ஆகாது. அதோடு, பூப் போட்ட கட்டத்தில் தையல் நெருக்கமாக இருந்து பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தால் அந்தக் காலிக் கட்டம் உப்பிக்கொண்டு நிற்கும். அங்கேயும் கொஞ்சம் ஓட்ட வேண்டும். பூவின் மேலே ஓட்டாமல் அதன் விளிம்பைச் சுற்றி ஓட்டினால் பூ எழும்பித் தெரியும்.

தாம்பரம்:
மந்தைவெளி சகோதரி, அம்மா பெயரைத் தமிழில் போடப் போகிறீர்களா? போடுவீர்கள் என்றே நினைக்கிறேன், அதனால் கேட்காமலே சொல்கிறேன். நான் பார்த்த வீட்டு மெஷின்கள் எதிலும் தமிழ் எழுத்து இல்லை. என் மாமியார் குவில்ட்டுக்காக ஒரு கடையில் டிஜிட்டைஸ் பண்ண, அதாவது பெயரை மெஷின் தைக்கும் ஃபைலாக மாற்றக் கொடுத்தோம். அந்தப் பையன் கம்ப்யூட்டர் எழுத்தை அப்படியே சாட்டின் தையலாக மாற்றி, அரை அங்குல உயரத்துக்குக் குறுக்கிவிட்டான். ண, ஞ எல்லாம் சுழி அடைத்துப் போய் மூட்டை மூட்டையாக வந்தது. "லக்ஷ்மி"யில் க்ஷ எது, மி எது என்று மாமியாருக்கே தெரியவில்லை. மெய்யெழுத்துப் புள்ளி இன்னும் மோசம், அவ்வளவு சின்ன வட்டத்தில் ஊசி அதே இடத்தில் குத்திக் குத்தித் துணியில் ஓட்டை.

அப்புறம் என் கணவர் சொன்னபடி, மாமியாரையே பேப்பரில் பெரிதாகக் கையெழுத்துப் போடச் சொன்னோம். அதை ஸ்கேன் பண்ணி, ஒரே கோட்டில் மூன்று முறை போகும் மும்முறைத் தையலாக டிஜிட்டைஸ் பண்ணினோம். ஓர் அங்குல உயரம், 40 நம்பர் நூலுக்குப் பதில் மெல்லிய 60 நம்பர், அதற்கேற்ற 65/9 ஊசி. புள்ளிகளை மட்டும் நான் கையால் பிரெஞ்சு முடிச்சாகப் போட்டேன். பேங்கில் போடும் கையெழுத்து மாதிரியே இருக்கிறது என்று அவருக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

மந்தைவெளி:
பெயர் போடத்தான் போகிறேன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! அம்மாவுடைய ரேஷன் கார்டு விண்ணப்ப நகலில் கையெழுத்து இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். புடவைகளில் இரண்டு சுங்குடி. தண்ணீரில் கரையும் பேக்கிங் என்றால் கடைசியில் நனைத்தாக வேண்டுமே?

அண்ணாநகர்:
ஐயோ, சுங்குடிக்கு அது வேண்டாம். கையால் சாயம் போட்டது, சிவப்பும் கருநீலமும் எத்தனை வருஷம் கழித்தும் இறங்கும். ஈரமாக்கிய வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை பட்டால், வெட்டுவதற்கு முன்னாலேயே தனியாக அலசி, தண்ணீர் தெளியும் வரை விடக்கூடாது. தெளியவே இல்லை என்றால் சுங்குடிக் கட்டங்களுக்கு மட்டும் அக்கா சொன்ன கிழிக்கிற பேப்பரைப் போட்டு முதலிலேயே எம்பிராய்டரியை முடித்துவிடுங்கள், மற்றதை அடுக்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெரம்பூர் ஜாப் ஒர்க்:
அந்தக் கிழிக்கிற பேப்பரைச் சின்ன ரோலாக வாங்கப் பாரிமுனைப் பக்கம் போனால் மொத்த ரோல்தான் கொடுப்பார்கள். எங்களை மாதிரி கடையில் கேட்டாலே இரண்டு மீட்டர் வெட்டிக் கொடுப்போம்.