குடும்பக் குழுவில் ஒரு மங்கல் மீன்கொத்தி

தம்பி: [படம்] [படம்] இன்று விடிய இரணைமடுக் குளக்கட்டில் எடுத்தவை. அறுபது படத்தில் ஒன்றுகூடத் தெளிவில்லை. லென்ஸ் பழுதோ மாமா?

சின்னக்கா: முதலாவது மீன்கொத்தியா, காயப்போட்ட ஈரத்துணியா 😂

தம்பி: மீன்கொத்திதான், அந்தக் கறுப்பு வெள்ளை. தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நின்றது, அப்படி நின்றும் எனக்குச் சரிவரவில்லை

முறிகண்டி மாமா: லென்ஸைக் குறை சொல்லாதே. ஷட்டர் வேகம் எவ்வளவு, வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ எவ்வளவு?

தம்பி: 1/125 செக்கன். ஐஎஸ்ஓ 100. அதைக் கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகும் என்றார்களே

முறிகண்டி மாமா: அதுதான் வினை. குருவி நின்றாலும் செட்டை நிற்கவில்லையே! பறப்பதற்கு 1/2000 வேண்டும். கிளையில் சும்மா இருப்பதற்கே 300 மிமீ லென்ஸைக் கையில் பிடித்தால் 1/500க்குக் கீழே போகாதே. எல்லாம் நாமே வைக்கும் எம் மோடில் ஷட்டரையும் லென்ஸ் துவாரத்துக்கு எஃப் 5.6ஐயும் நீ வை, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடு, விடிய வெளிச்சத்துக்கு அது 1600, 3200 என்று ஏறும், ஏறட்டும். புள்ளியைப் பிறகு கணினியில் குறைக்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய ஏலாது

முறிகண்டி மாமா: ஃபோகஸ்?

தம்பி: ஒன் ஷாட், ஒருமுறை பிடித்த இடத்திலேயே நிற்பது

முறிகண்டி மாமா: 🤦 ஏஐ சேர்வோவுக்கு மாற்று. பறவை நகர நகர ஃபோகஸும் கூடவே போகும்

தம்பி: சரி. இந்தக் கொக்கு ஏன் சுண்ணாம்பு மாதிரி? இறகே தெரியவில்லை

முறிகண்டி மாமா: பின்னால் இருண்ட மரம். கேமரா அதைப் பார்த்து எல்லாவற்றையும் வெளுக்க வைத்துவிட்டது. எக்ஸ்போஷர் திருத்தத்தை மைனஸ் 1 வை, படம் கொஞ்சம் இருளும். வானத்தை ஒட்டிப் பறந்தால் பிளஸ் 1

தம்பி: வைக்கிறேன், அந்தத் திருத்தம் அசையவே மாட்டேன் என்கிறது

முறிகண்டி மாமா: ஓம், பழைய கேமரா சிலதில் எம் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டால் அது வேலை செய்யாது. டிவியில் வை

பெரியம்மா: எத்தனை மணிக்கு டிவியில் வருகிறது பிள்ளை?

சின்னக்கா: 😂😂 பெரியம்மா, அது கேமராவில் ஷட்டர் வேகத்தை நாம் வைக்கும் ஒரு மோடு

முறிகண்டி மாமா: எட்டு மணிக்குள் எடுத்து முடி. மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்து நிற்கும், குளக்கட்டில் நின்று குளத்தைப் பார்த்தால் மத்தியானம் எதிர்வெளிச்சம்தான், கானல் வேறு

அம்மா: சாப்பிட்டுவிட்டுப் போ

(மறுநாள்)

தம்பி: [படம்] 1/2000, ஐஎஸ்ஓ 2500. செட்டை நுனி மட்டும் கொஞ்சம் மங்கல்

முறிகண்டி மாமா: கண் கூர்மையாக இருக்கிறது, அது போதும்

சின்னக்கா: துணி காய்ந்துவிட்டது