தெருக்கூத்தை 360 பாகையில் பதிவு செய்ய ஆறு கேமராச் சட்டகம்: ஒட்டில் உருவம் இரட்டிக்கிறது

கேள்வி

செய்யாறு வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரத விழாவின்போது நடக்கும் கூத்தை, களரியின் (கூத்து ஆடும் இடத்தின்) அருகே அமர்ந்து பார்ப்பவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படியே சுற்றுவட்டக் காணொளியாகப் பதிவு செய்ய முயன்று வருகிறேன். இதற்காகப் பழைய ஆக்‌ஷன் கேமராக்கள் ஆறு வாங்கி, அக்ரிலிக் பலகையில் அறுகோணமாகப் படுக்கைவாட்டில் பொருத்தியிருக்கிறேன். ஒவ்வொரு கேமராவும் 59 மி.மீ. அகலம், 41 மி.மீ. உயரம், 30 மி.மீ. தடிமன் கொண்டது. 4:3 வடிவில் அதன் பார்வைப் பரப்பு கிடையாக ஏறத்தாழ 122 பாகை, செங்குத்தாக 94 பாகை. சட்டகத்தின் மையத்திலிருந்து லென்ஸுக்கு 7 செ.மீ. இருக்கிறது.

சென்ற வாரம் ஒத்திகையில் சோதித்துப் பார்த்தேன். ஸ்டிச்சிங் (ஆறு கேமராக்களின் படங்களையும் ஒரே படமாக ஒட்டுவது) செய்த பிறகு, பின்னால் அமர்ந்திருந்த மக்களும் குழல் விளக்குக் கம்பமும் பிசிறில்லாமல் ஒட்டிக்கொண்டன. ஆனால் துரியோதனன் வேடக்காரர் கேமராவுக்கு ஒரு மீட்டர் அருகில் வந்தபோது அவருடைய புஜகீர்த்தி (தோளணி) இரண்டாகத் தெரிந்தது. கிரீடத்தின் ஒரு பக்கம் காணாமலே போனது. இது போதாதென்று, அவர் சுழன்றாடும்போது கை ஒட்டுக்கோட்டில் துண்டாகிறது. ஆறு கேமராக்களையும் ஒரே ரிமோட்டில்தான் தொடங்கினேன். கைதட்டல் ஒலியை வைத்தும் சரிபார்த்துவிட்டேன்.

இன்னும் இரண்டு கேமராக்கள் வாங்கி எட்டாக்கினால் இந்தக் குறை தீருமா? பணம் செலவழிக்கும் முன் அனுபவமுள்ளவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது என்று தோன்றியது.

மறுமொழி 1

இப்போதைக்கு எட்டு கேமரா வாங்க வேண்டாம். உங்கள் குறைக்குக் காரணம் கேமராக்களின் எண்ணிக்கை அல்ல, அடுத்தடுத்த இரு லென்ஸ்களுக்கு இடையே உள்ள தூரம்தான். பள்ளியில் படித்த இடமாறு தோற்றப் பிழையே இது: கைவிரலை முகத்துக்கு எதிரே நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் விரல் தாவுவதுபோல, உங்கள் இரு கேமராக்களும் வேடக்காரரை வெவ்வேறு இடத்திலிருந்து பார்க்கின்றன. தொலைவில் உள்ள கம்பத்துக்கு இந்த வேறுபாடு மிகச் சிறியது என்பதால் அது ஒழுங்காக ஒட்டுகிறது.

கணக்குப் போட்டால் தெளிவாகும். அறுகோணத்தில் அடுத்தடுத்த லென்ஸ்களின் இடைவெளி ஆரத்துக்குச் சமம் என்பதால் உங்களுக்கு அது 7 செ.மீ. ஒட்டு தொலைவுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும் நிலையில், ஒரு மீட்டரில் நிற்பவர் 0.07 ரேடியன், அதாவது 4 பாகை விலகித் தெரிவார். 3840 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஒரு பாகைக்கு 10.7 பிக்சல் வீதம் இது ஏறத்தாழ 43 பிக்சல். எந்த மென்பொருளின் கலப்பும் (ஒட்டில் இரு படங்களையும் இழைத்துச் சேர்ப்பது) அதை மறைக்காது.

கேமராக்களைச் செங்குத்தாகத் திருப்பிப் பொருத்துங்கள். அப்போது அறுகோணத்தின் பக்கம் 41 மி.மீ. ஆகிறது, உடல்களை ஒன்றோடொன்று நெருக்கி வைத்தால் லென்ஸ் இடைவெளி 5.5 செ.மீ. அளவுக்கு இறங்கும். கிடைப் பரப்பு 94 பாகையாகக் குறைந்தாலும், 60 பாகைக்கு ஒரு கேமரா இருப்பதால் 34 பாகை மேற்கவிப்பு (அடுத்தடுத்த இரு கேமராக்களும் சேர்ந்து பார்க்கும் பகுதி) எஞ்சுகிறது, அது தாராளம். செங்குத்தாகவும் கூடுதல் பரப்பு கிடைக்கும். தலைக்கு நேர் மேலே வானமும் கீழே டிரைபாடும் விடுபடுவதில் கூத்துக்கு இழப்பேதும் இல்லை.

இதே கேமரா உடல்களை எட்டாக்கினால் வட்டம் பெரிதாகுமே ஒழிய, அடுத்தடுத்த லென்ஸ்களின் தூரம் ஏறத்தாழ அதேதான். இதைப் பலர் கவனிப்பதில்லை. மேற்கவிப்பு கூடுவதும் ஒட்டுக்கோட்டை நகர்த்த இடம் கிடைப்பதும் உண்மை. ஆனால் ஆறு ஒட்டுகள் எட்டாகும். 2015-இல் கூகுள் ஜம்ப் சட்டகத்தில் 16 கேமராக்களையும், 2016-இல் ஃபேஸ்புக் சரவுண்ட் 360-இன் வளையத்தில் 14 கேமராக்களையும் வைத்ததற்கு நோக்கமே வேறு. ஒவ்வொரு பொருளையும் குறைந்தது இரண்டு கேமராக்கள் பார்த்தால்தான் மென்பொருள் ஆழத்தைக் கணித்து, இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் தனித்தனிப் படம் உருவாக்க முடியும். அந்த வேலைக்கு உங்கள் கணினி நாள்கணக்கில் ஓட வேண்டியிருக்கும்.

இடைவெளியை முற்றிலும் நீக்க ஒரே வழி கண்ணாடிதான். பெர்லினில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் நிறுவனத்தின் ஆம்னிகேம் அப்படிப்பட்டது: சாய்ந்த கண்ணாடிகள் வழியாகப் பார்ப்பதால், கேமராக்கள் தனித்தனியே நின்றாலும் அவற்றின் பார்வை ஏறத்தாழ ஒரே புள்ளியிலிருந்து புறப்படுவதுபோல் அமைகிறது. பாரம், தூசு, கண்ணாடியை இம்மியளவும் பிசகாமல் பொருத்துவது ஆகியவற்றை நினைத்தால் கோயில் திடலுக்கு அது ஒத்துவராது.

இன்னொன்று: ஒட்டைத் தொலைவுக்குச் சரிசெய்யாமல் 3 மீட்டருக்குச் சரிசெய்யுங்கள். 5.5 செ.மீ. இடைவெளியில், ஒரு மீட்டரில் வருபவருக்குப் பிழை 22 பிக்சலாகக் குறையும். தொலைவில் உள்ள கம்பத்துக்கு 11 பிக்சல் வரும். அதைக் கலப்பில் மறைத்துவிடலாம்.

மறுமொழி 2

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்புவதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. உங்களுடையது ரோலிங் ஷட்டர் கேமரா. சென்சார் படத்தை ஒரே கணத்தில் எடுக்காமல் வரிவரியாகப் படிக்கும். படுக்கைவாட்டில் இருக்கும்போது, ஒட்டின் இருபுறமும் ஒரே உயரத்தில் உள்ள வரிகள் ஒரே நேரத்தில் படிக்கப்படுகின்றன. செங்குத்தாக்கினால் வாசிப்பு இடமிருந்து வலமாக நகர்வதால், ஒரு கேமராவின் கடைசி வரிகளும் அடுத்த கேமராவின் முதல் வரிகளும் ஒட்டில் சந்திக்கும். முழுப் படத்தையும் படிக்க 15 மில்லிநொடி ஆகிறது என்று கொண்டால், அங்கே 9 முதல் 10 மில்லிநொடி வேறுபாடு விழும்.

தீர்வு எளிது: ஒரு கேமராவை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் மாற்றி மாற்றிப் பொருத்துங்கள். ஓர் ஒட்டில் கடைசி வரியோடு கடைசி வரியும், அடுத்த ஒட்டில் முதல் வரியோடு முதல் வரியும் சேரும். எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால்தான் வட்டம் ஒழுங்காக முடியும். உங்களிடம் ஆறு இருப்பது நல்லதாயிற்று. (டிஸ்னியின் வட்டத் திரையரங்குகளில் இதற்கு நேர்மாறாக 9 திரைகள், ஒவ்வொரு திரைக்கும் எதிரே ஓர் இடைவெளி இருந்தால்தான் அங்கே புரொஜெக்டரை வைக்க முடியும் என்பதால் ஒற்றைப்படை.) இவ்வகைக் கேமராக்களில் லென்ஸ் உடலின் நடுவில் இருப்பதில்லை. தலைகீழாக்கும்போது லென்ஸ் மேலும் கீழுமாக மாறிவிடும் என்பதால், உடல்களை ஏற்றி இறக்கி எல்லா லென்ஸ்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

கை துண்டாவதற்கு வருகிறேன். கைதட்டல் ஒலி எந்த ஃபிரேமோடு எந்த ஃபிரேம் சேரும் என்பதை மட்டுமே காட்டும். ஃபிரேமுக்குள் இருக்கும் எஞ்சிய விலகலை அதனால் நீக்க முடியாது. நொடிக்கு 30 ஃபிரேமில் அது 16.7 மில்லிநொடி வரை இருக்கலாம். ஆடுபவரின் கை நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நகர்வதாக வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் 6.7 செ.மீ. போய்விடும், 2 மீட்டர் தொலைவில் அது 20 பிக்சல். ஜென்லாக் வசதி (எல்லாக் கேமராக்களும் ஒவ்வொரு ஃபிரேமையும் ஒரே கணத்தில் எடுக்கச் செய்வது) உள்ள கேமராக்களில் இது வராது. உங்களுடையதில் அந்த வசதி இல்லையென்றால் 60 ஃபிரேமுக்கு மாற்றுங்கள், விலகல் பாதியாகும்.

வெளிச்சத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த குழல் விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/100 நொடியில் நிறுத்தாவிட்டால் படத்தில் பட்டைகள் ஓடும். செங்குத்தாக வைத்த கேமராவில் அந்தப் பட்டைகளும் செங்குத்தாக நிற்கும். வெள்ளைச் சமநிலை, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) இரண்டையும் ஆறு கேமராக்களிலும் ஒரே அளவில் பூட்டிவிடுங்கள்.

மறுமொழி 3

கேமரா நுணுக்கம் எனக்குத் தெரியாது. கூத்து பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கருவியைக் களரியின் நடுவில் வைத்துவிடாதீர்கள். அது ஆடுபவர்களின் இடம். கட்டியக்காரன் (கூத்தை நடத்திச் செல்லும் கோமாளி) கேமராவோடு பேச ஆரம்பித்துவிட்டால் பிறகு கதை நகராது. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில், ஆட்டம் நடக்கும் எல்லையிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். ஆடுவோர் ஒரு பக்கம், மக்கள் மறுபக்கம் என்றாகிவிடும். மக்கள் பெரும்பாலும் அசையாமல்தான் இருப்பார்கள். கேமராக்களில் ஒன்றை நேராகக் களரியைப் பார்க்கும்படி திருப்பி வைத்தால், வேடக்காரர் நடுவில் நிற்கும் வரை ஒட்டின் மீது வரவே மாட்டார் அல்லவா?

மறுமொழி 1 எழுதியவர்

மறுமொழி 3-இல் ஐயா சொன்னதுதான் எல்லாவற்றிலும் மலிவான திருத்தம். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். விடிய விடியப் பதிவு என்பதால் சேமிப்பையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு 60 மெகாபிட் என்றால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 27 ஜி.பி.; ஆறுக்கும் சேர்த்து 162 ஜி.பி. 64 ஜி.பி. அட்டை இரண்டேகால் மணி நேரத்தில் நிரம்பிவிடும். அட்டையை மாற்றக் கேமராவைக் கழற்றினால் ஒட்டு பிசகும் என்பதால், அட்டைக்கும் மின்கம்பிக்கும் உரிய வாயில்கள் வெளியே தெரியும்படி சட்டகத்தை வெட்டுங்கள். என் முதல் சட்டகத்தை நாலாபுறமும் அடைத்துச் செய்ததால், நடுச்சாமத்தில் இரண்டு கேமராக்கள் சூடேறித் தாமாகவே நின்றுவிட்டன. காலையில்தான் அது எனக்குத் தெரிந்தது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கேமராக்களைச் செங்குத்தாக, ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகப் பொருத்தினேன். லென்ஸ்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர உடல்களை 3 செ.மீ. ஏற்றி இறக்க வேண்டியிருந்ததால் சட்டகம் பல்வரிசைபோல் நிற்கிறது. லென்ஸ் இடைவெளி 5.6 செ.மீ. வந்திருக்கிறது. நூலால் 3 மீட்டர் அளந்து, அந்த வட்டத்தில் செய்தித்தாள்களைத் தொங்கவிட்டு ஹியூகின் என்ற படம் ஒட்டும் மென்பொருளில் ஒட்டைச் சரிசெய்தேன்.

நேற்று இரவு ஒத்திகையில் 60 ஃபிரேமில், 1/100 ஷட்டரில் எடுத்தேன். துரியோதனன் ஒன்றரை மீட்டருக்கு வந்தும் கிரீடம், புஜகீர்த்தி இரண்டும் முழுதாக இருக்கின்றன. ஓர் ஒட்டு பக்கவாத்தியக்காரர்களின் பெஞ்சில் விழுந்து, ஆர்மோனியக்காரரின் முழங்கை தடித்துத் தெரிகிறது. இன்று டிரைபாடை நாலைந்து பாகை திருப்பி, அந்த ஒட்டை அவருக்கும் மிருதங்கக்காரருக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் விழச் செய்யப் போகிறேன்.