ஏ.டி.எச்.டி.க்கு உடற்பயிற்சி: ஸ்டடி ஹவருக்கு முன்னாடி எவ்வளவு, எப்படி?

மாடிப்படி மன்னன்
இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டல். மனநல மருத்துவர் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த குறைபாடு) என்று உறுதி செய்து, அதற்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை 18 மி.கி. கொடுத்திருக்கிறார், காலை 8 மணிக்கு ஒன்று. இரவு 7 முதல் 9 ஸ்டடி ஹவர். அதற்குள் மாத்திரையின் வேகம் இறங்கிவிடுகிறது. புத்தகம் திறந்திருக்கும், பக்கம் நகராது. உடற்பயிற்சி செய், கவனம் வரும் என்கிறார்கள் எல்லோரும். எது, எத்தனை நிமிடம், எப்போது என்று கேட்டால் பதில் இல்லை. ஜிம் கிடையாது. கிரவுண்ட் உண்டு, 6.30க்குப் பூட்டிவிடுவார்கள். மாடிப்படி உண்டு, ஒரு ஸ்கிப்பிங் கயிறு உண்டு. காலை 5.30 ஓட்டம் பத்து நாளுக்கு மேல் தாங்குவதில்லை.

பி.டி. விசில்
தம்பி, முதல்ல எதிர்பார்ப்பைச் சரி பண்ணிக்கோ. 2016ல வந்த ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு, அமெரிக்காவுல நடந்தது. ஏ.டி.எச்.டி. அறிகுறி உள்ள 32 இளைஞர்களை 20 நிமிஷம் சைக்கிள் மிதிக்க வைச்சாங்க. மிதிச்ச பிறகு சோர்வு குறைஞ்சது, வேலையில இறங்குற மனசு வந்தது. ஆனா கவனத்தை அளக்குற சோதனையில மார்க் ஏறலை, காலாட்டுறதும் நிக்கலை. சின்னப் பசங்ககிட்ட நடந்த சில ஆய்வுல கவனமும் தேறியிருக்கு. உன் வயசுக்கு நான் நம்புறது இதுதான்: ஓட்டம் படிப்பைத் தொடங்க வைக்கும், தொடர்றதுக்கு வேற ஏற்பாடு வேணும்.

அதனால படிப்புக்கு ஒட்டி வைச்சுக்கோ. 6 மணிக்கு கிரவுண்ட். 5 நிமிஷம் வேக நடை, 20 நிமிஷம் மெல்லோட்டம், கடைசி 3 நிமிஷம் நடை. 400 மீட்டர் ட்ராக்னா 20 நிமிஷத்துல 6, 7 சுற்று போதும். உன் வயசு 20ன்னு வைச்சா 220ல 20 போக 200, அதுதான் தோராயமா உன் உச்ச இதயத்துடிப்பு. அதுல 65 முதல் 75 சதவீதம், நிமிஷத்துக்கு 130–150 துடிப்பு. வாட்ச் இல்லைன்னா நின்ன உடனே 10 வினாடி நாடி பாரு, 22 முதல் 25 இருக்கணும். பேச முடியணும், பாட முடியக்கூடாது.

பசங்க கெடுத்துக்கிற இடம் ரெண்டு. ஒண்ணு, மூச்சு வாங்க வாங்க ஓடித் தீர்க்குறது. அப்புறம் ஏழரைக்குத் தூக்கம் சொக்கும். ரெண்டாவது, குளிச்சுட்டு வந்து போனை எடுக்குறது. ஓடிக் கிடைச்சது அத்தனையும் ரீல்ஸுக்குப் போயிடும். கிளம்புறதுக்கு முன்னாடியே மேசையில நோட்டைத் திறந்து வைச்சு, "யூனிட் 2, கான்வல்யூஷன், மூணாவது கணக்கு"ன்னு எழுதிட்டுப் போ. "சிக்னல்ஸ் படிக்கணும்"னு எழுதினா அது வேலைக்கு ஆகாது.

மழை நாள்ல கயிறு. 20 வினாடி குதி, 40 வினாடி நில்லு, 15 தடவை. ரெண்டு வாரம் கழிச்சு 40 குதி, 20 நில்லு. வெறுங்காலோட சிமெண்ட் தரையில குதிச்சா முன்னங்கால் எலும்பு வலி நிச்சயம். மாடிப்படியில ஏறுறப்ப வேகம், இறங்குறப்ப நிதானம். தொடை வலியும் கணுக்கால் பிசகுறதும் இறங்கும்போதுதான்.

குறைந்த டோஸ்
மாத்திரை பற்றிச் சில குறிப்புகள். மெத்தில்ஃபெனிடேட் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் சற்று ஏற்றும். அதனால் அது வேலை செய்யும் நேரத்தில் ஓடினால் வாட்ச் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மேலே சொன்ன பேச்சுச் சோதனையே மேல். உடம்பு களைத்ததை மாத்திரை மறைத்துவிடவும் கூடும். ஏப்ரல், மே வெயிலில் பகலில் ஓடவே வேண்டாம்.

இந்த மாத்திரை மதியப் பசியை அடக்கும். சாப்பாட்டைத் தட்டோடு வைத்துவிட்டு 6 மணிக்கு வெறும் வயிற்றில் ஓடினால் தலைசுற்றும். 5 மணிக்கு ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை அல்லது சுண்டல், ஒரு தம்ளர் தண்ணீர். எனர்ஜி டிரிங்கும் பிரீ ஒர்க்அவுட் பவுடரும் கூடவே கூடாது. மாத்திரையோடு காஃபீனும் சேர்ந்தால் படபடப்பு கூடும்.

ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், துடிப்பு தாறுமாறாவது, இவற்றில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், பயிற்சியைத் தொடங்கும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை மாலையில் இறங்குவதையும் அவரிடம் சொல்ல வேண்டும். ஓட்டம் மாத்திரைக்கு மாற்று இல்லை, நீங்களாக நேரத்தையோ அளவையோ மாற்றவும் வேண்டாம்.

பல்கலைக்கழக அணிக்கு ஆடுபவர்களுக்கு ஒன்று: போட்டிக் காலத்தில் மெத்தில்ஃபெனிடேட், வாடா என்ற உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவ விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்காமல் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் மருத்துவர் சீட்டைக் காட்டித் தப்புவது கடினம்.

ஷட்டில் அக்கா
பத்து நாளில் நிற்பதற்குச் சோம்பல் காரணமில்லைப்பா. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் பலருக்கு உடம்புக் கடிகாரமே பிந்தி ஓடும். இரவு ஒரு மணிக்குத் தூக்கம் வரும் உடம்பை ஐந்தரைக்கு எழுப்பினால் தூக்கம் குறையும், மறுநாள் கவனம் இன்னும் மோசமாகும். மாலைதான் உனக்கு. ஆனால் படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் கடும் பயிற்சி வேண்டாம்.

இன்னொரு காரணம், புதுசு பழசாகிவிடுவது. பி.டி. சார் சொன்ன ஓட்டத்தை வாரத்துக்கு இரண்டு நாளோடு நிறுத்து. இரண்டு நாள் ஷட்டில், ஒரு நாள் சிலம்பமோ கயிறோ. எந்த நாளில் எது என்று ஞாயிறன்றே எழுதிக் கதவில் ஒட்டு. ஆறு மணிக்கு நின்று யோசித்தால் அன்றைக்குப் போகமாட்டாய். ஷட்டிலில் எதிரே ஒருத்தர் காத்திருப்பார், அதுவே உன்னை இழுத்துப் போகும். உடம்பு வராத நாளில் 8 நிமிடம் மாடிப்படி ஏறு, போதும். அதையும் கணக்கில் சேர்.

மாடிப்படி மன்னன்
நன்றி அக்கா. ஷட்டில் ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாதே? மொபைல் அலாரம் பையில் அடித்தாலும் கேட்காது.

ஷட்டில் அக்கா
நேரத்தைப் பார்க்காதே, கேமை எண்ணு. 21 புள்ளிக்கு இரண்டு கேம், அதோடு சரி. மூன்றாவது கேம் கிடையாது என்று எதிரே ஆடுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடு. அப்புறம், 6.30க்குப் பூட்டுகிறார்கள் என்று புலம்பினாயே, வாட்ச்மேன் அண்ணா சாவியை ஆட்டிக்கொண்டு வருவதைவிட நல்ல அலாரம் உனக்குக் கிடைக்காது.